முதலியார் எப்படி மூட்லி ஆனார்?

பி.எட். படித்த எவரும் முதலியார் குழுவைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்டு, 1953இல் அறிக்கை தந்த இடைநிலைக் கல்விக் குழு அது. பரிந்துரைகளை மனப்பாடம் செய்த அவசரத்தில் தலைவரின் பெயரிலுள்ள கடைசிச் சொல்லை நாம் நின்று கவனித்திருக்க மாட்டோம். அதே சொல் இங்கிருந்து கப்பலேறிப் போய், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ‘மூட்லி’ என்ற குடும்பப் பெயராக வாழ்கிறது. அங்கே நாயுடு, கவுண்டர், பிள்ளை ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவுக்கு அது பரவலான பெயர்.

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையில் இருக்கும் பெரணமல்லூரில் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். பட்டுத்தறி ஓசை கேட்கும் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களுடைய தாத்தாக்கள் பலரின் பெயருக்குப் பின்னால் இந்தப் பட்டம் இருந்தது. அப்பாக்களின் பெயரில் இல்லை. பிள்ளைகளிடம் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. ஒருமுறை ஒரு தந்தை, பெயர்த் திருத்தத்துக்காக வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவின் பழைய நெசவாளர் சங்கப் புத்தகம் முதல் மகளின் ஆதார் அட்டை வரை மேசையில் பரப்பிவைத்தார். மூன்று தலைமுறை, பெயர் எழுதும் மூன்று முறை. அன்றுதான் இந்தச் சொல்லின் பயணத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சொல் எளியது. முதல் என்பதோடு ‘இ’ சேர்ந்தால் முதலி. முதன்மையானவர் என்று பொருள். முதலாளி, முதலீடு எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவையே. மரியாதைக்கு ‘ஆர்’ சேர்த்தால் முதலியார். முதலில் இது சாதிப் பெயரே அல்ல. படைத்தலைமையும் நிர்வாகப் பொறுப்பும் வகித்தவர்களைக் குறித்த பட்டம். இராமானுசரின் சீடர் ஒருவருக்கு முதலியாண்டான் என்று பெயர். இலங்கையில் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் முதலியார் என்பது அரசு வழங்கிய பதவி. சிங்களவரும் வகித்தார்கள், தமிழரும் வகித்தார்கள். சிங்களரிடம் இன்றும் உள்ள ‘முதலிகே’ என்ற குடும்பப் பெயருக்கு முதலி வீட்டார் என்று பொருள். தமிழ்நாட்டிலோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சமூகத்தார் இதைப் பட்டமாகக் கொண்டார்கள். நெசவு செய்த செங்குந்தரிடமும் இருந்தது, உழவு செய்த வேளாளரில் சில பிரிவினரிடமும் இருந்தது. ஆகவே பட்டத்தை வைத்து ஒருவரின் மூலத்தைச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சொல் கடல் கடந்த கதை 1860இல் தொடங்குகிறது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ‘துரூரோ’, அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911இல் இந்த முறை நிறுத்தப்படும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். மாவட்டம் என்ற பத்தியில் வட ஆர்க்காடு அடிக்கடி வரும். நம் பகுதி 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை அதில்தானே இருந்தது!

அந்தப் பட்டியலில் குடும்பப் பெயருக்குத் தனி இடம் இல்லை. ‘முனுசாமி, தகப்பன் பெயர் பெருமாள்’ என்பதே பெயர் எழுதும் முறை. நாம் இன்றும் பள்ளியில் எழுதுவதைப் போல. ஆனால் நேட்டாலில் நிலைத்த பிறகு பிறப்பு, திருமணம், நிலம், பள்ளி எனப் பதிவு ஒவ்வொன்றும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது. ஐரோப்பிய வழக்கில் அது இல்லாமல் படிவம் நிறையாது. அப்போது சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள், சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். பட்டம் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூட்லி, நாயுடு, பிள்ளை. தகப்பன் பெயர் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் பெருமாள், முன்சாமி, சின்சாமி. ஒரு கூலியாளின் சொந்தப் பெயர் நூறாண்டு கழித்து ஒரு வம்சத்துக்கே தலைப்பாகிவிட்டது. புது மண்ணில் உயர்ந்ததாகத் தோன்றிய பட்டத்தைப் புதிதாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இனி எழுத்துக்கு வருவோம். சென்னையில் லட்சுமணசாமி முதலியார் தன் பட்டத்தை ஆங்கிலத்தில் எம்-யூ-டி-ஏ-எல்-ஐ-ஏ-ஆர் என்று எழுதினார். டர்பனில் அது எம்-ஓ-ஓ-டி-எல்-இ-ஒய். ஏன் இந்த வேறுபாடு?

பழைய ஆங்கிலேயர் நம் ‘உ’ ஒலியை இரட்டை ‘ஓ’ போட்டும் ‘இ’ ஒலியை இரட்டை ‘இ’ போட்டும் எழுதினார்கள். அவர்கள் மொழியில் அப்படித்தான் அந்த ஒலிகள் வரும். இந்து என்பதையே அக்காலத்தில் இரட்டை ‘ஓ’ போட்டு முடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹண்டர் என்ற அதிகாரியின் முறையை அரசு ஏற்றுக்கொண்டது. ‘உ’வுக்கு யூ, ‘இ’க்கு ஐ என்று மெல்ல மெல்ல இங்கே மாறியது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழின் பெயரில் யூ தான் இருக்கிறது. ஆனால் கப்பலேறிப் போன பெயர்களுக்கு இந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. நாயுடுவின் கடைசியில் இரட்டை ‘ஓ’, படையாட்சியின் கடைசியில் இரட்டை ‘இ’ என்று தென்னாப்பிரிக்காவில் இன்றும் எழுதுகிறார்கள். நாம் கைவிட்ட பழைய சென்னை எழுத்துமுறையை அவர்கள் தங்கள் பெயருக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலியின் நடுவிலுள்ள ‘த’ பேச்சில் மெலிந்து ஒலிக்கும். அதனால் ‘டி’ எழுத்து வந்தது. ‘த’வுக்குப் பின்னுள்ள அகரம் வேகமாகச் சொல்லும்போது தேய்ந்துபோகும், அது எழுத்திலும் விழுந்தது. கடைசியில் வரும் இ-ஒய், ஸ்டான்லி போன்ற ஆங்கிலப் பெயர்களின் வால். இப்படி எழுதப்பட்ட பெயரை அடுத்த தலைமுறை எழுத்தைப் பார்த்து வாசித்தது. இரட்டை ‘ஓ’ நீண்டு ‘மூ’ ஆனது, ‘த’ போய் ‘ட்’ ஆனது. காதால் கேட்டதை எழுதிய எழுத்து, பிறகு காதையே மாற்றிவிட்டது. கவுண்டருக்கும் இதுவே நடந்தது. ‘வு’ ஆங்கில ‘வி’ ஆகி, அதன் பக்கத்தில் ஓர் உயிரும் சேர்ந்து, ‘கோவெண்டர்’ என்று ஒரு பெயர் பிறந்துவிட்டது.

எழுதியவர் பிரெஞ்சுக்காரர் என்றால் முடிவு வேறு. முத்துசாமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் ‘மு’வுக்கு இரட்டை ‘ஓ’ போட்டார். ரீயூனியன், குவாதலூப் தீவுகளில் பிரெஞ்சுக்காரர் ‘ஓ-யூ’ போட்டார். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அவர்கள் அதை இஸட் போல ஒலிப்பார்கள் என்பதால் எஸ்ஸை இரட்டித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஊர்க்காரர் பெயர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடும்பப் பெயரே ஏற்படவில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று நடுவில் குறியிட்டுத் தகப்பன் பெயரை எழுதும் வழக்கம் நிலைத்தது. என்னைக் கேட்டால் நம் முறையைச் சிதைக்காமல் படிவத்துக்குள் அடக்கிய ஏற்பாடு அதுதான்.

நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் நடந்தது இன்னும் விசித்திரம். 1881இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, இந்தியர்கள் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாம். வந்தால் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘லபோர்த்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு வாசல் என்று பொருள்.

தில்லையாடி வள்ளியம்மை பாடம் நடத்தும்போது இவற்றில் கொஞ்சம் வகுப்பில் சொல்வேன். வள்ளியம்மை பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது பதினாறு. தகப்பனார் முனுசாமி முதலியார். நாம் ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். அந்நாட்டுப் பதிவில் அவர் தகப்பன் பெயரோடும் பட்டத்தோடும் அறியப்பட்டவர். பின்னாளில் நிறவெறி ஆட்சியை எதிர்த்து ரோபன் தீவில் சிறையிருந்த ஸ்திரினி மூட்லியின் பெயரையும் கரும்பலகையில் பக்கத்தில் எழுதுவேன். இரண்டும் ஒரே பட்டம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டுப் பட்டத்தையும் நான் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. டர்பன் தூரத்தில் இருப்பது அதற்கு வசதியாக இருக்கிறது.

தூரத்தில் பட்டம் குடும்பப் பெயராக இறுகிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே அது உதிர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. உடனே எல்லாரும் விட்டுவிடவில்லை. ஆனால் இரண்டு தலைமுறைக்குள் அது வழக்கொழிந்தது. 2021இல் நம் பாடநூல்களிலும் அறிஞர்களின் பெயருக்குப் பின்னிருந்த பட்டங்கள் நீக்கப்பட்டன. இந்தியாவின் பிற பகுதிகளில் இவ்வளவு பரவலாக இது நடக்கவில்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு. கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அதற்கு வருமுன் ஒரு கேள்வி.

கைப்பேசியில் கொரியத் தொடர் பார்க்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள்: “டீச்சர், அந்த நாட்டுல எல்லாரும் சொந்தக்காரங்களா? எல்லாருக்கும் கிம், லீ, பார்க்குன்னுதானே பேர் இருக்கு?”

கேள்வி சரியானது. தென்கொரியாவில் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 21 பேர் கிம், 15 பேர் லீ, 8 பேர் பார்க். ஆனால் எல்லாரும் உறவினர் அல்லர். அரச குடும்பங்களும் உயர்குடிகளும் மட்டுமே குடும்பப் பெயர் வைத்திருந்த காலம் ஒன்று அங்கே இருந்தது. எளியவர்கள் மெல்ல மெல்லப் பெயர் எடுத்தபோது பெரிய வீட்டுப் பெயர்களையே எடுத்தார்கள். 1909இல் குடிப்பதிவுச் சட்டம் வந்து, எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்றானபோது மிச்சம் இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கிம் என்று தெரிந்துகொள்ள, மூதாதையர் ஊரையும் சேர்த்துக் கேட்பார்கள்; கிம்ஹே ஊர்க் கிம் வேறு, கியோங்ஜு ஊர்க் கிம் வேறு. பட்டம் ஒன்று, மூலம் பல. நாம் மேலே பார்த்த முதலியார் கதைதான்.

அவர்களுடைய எழுத்துச் சிக்கலும் நமக்கு அந்நியமில்லை. தொடரில் வரும் ‘லீ’, கொரிய வரலாற்றுக் கடற்படைத் தளபதி ‘யி’ சுன்சின், 1948இல் தென்கொரியாவின் முதல் குடியரசுத் தலைவரான சிங்மன் ‘ரீ’ ஆகிய மூன்றும் ஒரே குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் எல்-இ-இ, ஒய்-ஐ, ஆர்-எச்-இ-இ என்று ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டார்கள். சீன எழுத்தில் எழுதிய காலத்தில் அதன் ஒலி ‘ரி’. தென்கொரியப் பேச்சில் ரகரமும் லகரமும் இதுபோன்ற இடத்தில் சொல்லின் முதலில் நில்லா. அதனால் அவர்கள் வாயில் அது வெறும் ‘ஈ’. வடகொரியாவில் ‘ரி’ என்றே வைத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது தமிழாசிரியர் அறைக்கு ஓடினேன். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி அல்லவா? அதனால்தானே இராமன், இலட்சுமி, அரங்கன், உலோகம் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தோம்! கொரியர் மெய்யைக் கைவிட்டார்கள், நாம் உயிரைத் துணைக்கு அழைத்தோம். இன்னொன்றும் பொருந்துகிறது. நம் ‘க’, ‘ப’ போல அவர்களுக்கும் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கும். (தமிழும் கொரியமும் உறவு என்று இணையத்தில் உலவும் பேச்சுக்கு நான் வரவில்லை. ஒலிகள் ஒத்திருப்பதற்கு உறவு தேவையில்லை.) ‘பார்க்’ என்ற பெயரில் உண்மையில் ரகரமே கிடையாது. ‘பக்’ என்பதற்கு நெருங்கிய ஒலி. தென் இங்கிலாந்தில் ஏ-ஆர் என்று எழுதினால் ரகரம் ஒலிக்காது, அகரம் மட்டும் நீளும் என்பதால் யாரோ அப்படி எழுதினார்கள். உலகம் முழுவதும் இப்போது பார்க் என்று ரகரம் உருட்டி அழைக்கிறது. மூட்லிக்கு நேர்ந்தது போலத்தான்.

இப்போது நம் பதிவேட்டுக்கு வருவோம். பெயருடன் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் தகப்பன் பெயர் ராமன் என்றால் முதலெழுத்து ‘ரா’வா, ‘இரா’வா? ‘இரா’ என்று எழுதிய மாணவனுக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்றும் ‘ஐ’ என்றும் இருவேறு ஆவணங்களில் நான் பார்த்திருக்கிறேன். தண்டபாணியின் மகளுக்கு டி-யா, ‘தனம்’ என்பதை நினைத்து தி-யா, அதாவது ஆங்கில ‘டீ’யா? கணேசனுக்கு ஜி எழுதுகிறோம், குமாருக்குக் கே எழுதுகிறோம். தமிழில் இரண்டும் ககரம். ஞானசேகரனின் ‘ஞா’ ஆங்கிலத்தில் ஜி ஆகிறது. தகரத்துக்கு ‘டீ-எச்’ எழுதுவது நம் தென்னாட்டுப் பழக்கம். டகரத்துக்கு வெறும் ‘டீ’யை எடுத்துக்கொண்டதால் தகரத்துக்கு ‘எச்’ சேர்த்தோம். கவிதாவை வடநாட்டில் எச் இல்லாமல் எழுதுவார்கள். இரண்டும் தவறில்லை. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருப்பதுதான் சிக்கல்.

எச் ஒன்று கூடினால் என்ன என்று தோன்றலாம். என்னிடம் படித்துவிட்டு வளைகுடா வேலைக்குப் புறப்பட்ட பையன் ஒருவன், மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்தும் ஆதாரில் ஒரு எழுத்துமாக இருந்ததால் பல மாதங்கள் அலைந்தான். குடும்பப் பெயர் என்ற பத்தி அதைவிடப் பெரிய குழி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் பார்வையாளர் விசாவில் அனுமதிக்கமாட்டோம் என்று அறிவித்தது. தகப்பன் பெயர் கடவுச்சீட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பட்டத்தை விட்டொழித்த நமக்கு அந்தப் பத்தியில் எழுத எதுவும் இல்லை. அதனால் தகப்பன் பெயரை எழுதுகிறோம். பிறகு அந்நாட்டில் மகளை எல்லாரும் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நேட்டாலில் பெருமாளின் மகனுக்கு நடந்ததேதான். நூற்றிருபது ஆண்டு கழித்து விமான நிலையத்தில் நடக்கிறது. இதற்காகப் பட்டத்தை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டபோது வேண்டாம் என்றேன். முதலெழுத்தை விரித்து, தகப்பன் பெயரையோ தாய் பெயரையோ முழுதாக எழுதினால் போதும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் சேரும்போதே பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள எழுத்தை எமிஸ் பதிவோடும் ஆதாரோடும் ஒப்பிடுவேன். பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்து அழகாக இல்லையே என்று நாமாகத் திருத்தக்கூடாது. எச் இருந்தால் இருக்கட்டும், இரட்டை ‘இ’ இருந்தால் இருக்கட்டும். எண்கணிதம் பார்த்து ஒரு ‘ஏ’ கூடுதலாகச் சேர்க்கச் சொல்லும் பெற்றோரிடம், முதலில் பிறப்புச் சான்றிதழில் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்பேன். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முதலெழுத்தின் விரிவோடு எழுதி, வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கிவரச் செய்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போகுமுன் எந்தத் திருத்தமும் பள்ளி அளவில் சுலபம். சான்றிதழ் அச்சாகிவிட்டால் விண்ணப்பம், இணைப்பு ஆவணங்கள், அலைச்சல் என்று நீளும். தறியில் பாவு பூட்டுமுன் இழை எண்ணுவது போல என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு உடனே புரிகிறது.

ஊர்ப் பெயர் எழுதும் இடத்திலும் ஒரு கண் வையுங்கள். வந்தவாசி ஆங்கிலேயருக்கு ‘வாண்டிவாஷ்’. 1760இல் அங்கே நடந்த போர் இன்றும் ஆங்கில நூல்களில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆரணிக்கு ஆங்கிலத்தில் நடு ‘ஏ’ போட்டு எழுதுவதும் உண்டு, விட்டு எழுதுவதும் உண்டு. பெரணமல்லூருக்கும் அப்படியே, ‘பெர்ணமல்லூர்’ என்று ஓர் ஏ குறைந்த வடிவம் பழைய தாள்களில் வரும். கப்பல் பட்டியலில் தங்கள் மூதாதையரைத் தேடும் டர்பன்காரர் யாராவது உங்கள் பள்ளிக்கு எழுதிக் கேட்டால், ஊரின் பழைய ஆங்கில எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெயரில் தேடுவதைவிட ஊரில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.